கீழ்வீட்டிலிருந்து வந்த பதில்

கோவிந்தராசுவின் வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிடுவார்கள். புக்கிட் பாத்தோக்கில், பத்தாவது மாடியில், மூவறை வீடு. ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நாலு இரும்புக் கால்களில் ஒரு பின்பால் மிஷின் நிற்கும். சோபா எங்கே என்று கேட்டால், உட்கார ஆள் வரட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்பார். முதன்முறை வருகிறவர்கள் என்று ஏதோ கூட்டம் வருகிற மாதிரி சொல்லிவிட்டேன். இந்தக் கதைக்கு முன்னால் கடைசியாக அப்படி வந்தவர் ஏர்கான் கழுவ வந்த ஆள். அதுவும் போன வருடம்.

பின்பால் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாய்வாக வைத்த நீளப் பெட்டி, மேலே கண்ணாடி. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் ஒரு இரும்புக் குண்டு உச்சிக்கு ஓடி, அங்கங்கே முட்டி, மணியடித்து, எண்களைக் கூட்டிக்கொண்டே கீழே உருண்டு வரும். பெட்டியின் இரண்டு பக்கமும் பொத்தான். அழுத்தினால் கீழே இருக்கும் இரண்டு குட்டிக் கைகள் குண்டை மேலே திருப்பி அடிக்கும். அடிக்கத் தவறினால் குண்டு குழிக்குள் போய்விடும். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து குண்டு. பொறுமை போய்ப் பெட்டியைப் பிடித்து ஆட்டினால் மிஷினுக்குக் கோபம் வந்து ஆட்டத்தையே முடித்துவிடும்.

இவருக்கு இது கிடைத்தது ஒரு கப்பலில். எண்பத்தெட்டில் இவர் வேலை பார்த்த யார்டுக்கு ஒரு கிழட்டுச் சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. மாலுமிகளின் ஓய்வறையைப் பிரித்துப்போட்டபோது மூலையில் இது நின்றது. ஆட்டினால் ஆட்டம் முடிந்துவிடும் மிஷினை ஆடுகிற கப்பலில் கொண்டுபோய் வைத்த புத்திசாலி யாரோ தெரியவில்லை. துறைமுகத்தில் கட்டிக் கிடந்த நாட்களில் மட்டும்தான் யாராவது விளையாடியிருக்க முடியும். அதனாலேயே பதினைந்து வருடப் பழசு தேயாமல் புதிதாக இருந்தது. குப்பைக்குப் போக இருந்ததை ஃபோர்மனிடம் கெஞ்சி, எழுதி வாங்கி, கால்களைக் கழற்றி, லாரியில் ஏற்றி, லிப்டில் நெட்டுக்குத்தாக நிறுத்திக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் அம்மா அதன் கண்ணாடிமேல் ஒரு பழைய சேலையை விரித்து, துணி மடிக்கிற மேசையாக்கிக்கொண்டார்.

அவருக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் இந்த மிஷின்மேல் ஒரு பழி உண்டு. பெண்வீட்டிலிருந்து மாமா ஒருவர் வீடு பார்க்க வந்தார். ஹாலுக்குள் வந்ததும் கண் அங்கேயே போனது.

"தம்பி சூதாட்ட மிஷின்லாம் வீட்ல வச்சிருக்கீங்களா?"

"இதுல காசு விழாதுங்க. நல்லா ஆடுனா இன்னொரு ஆட்டம் ஃப்ரீயா கிடைக்கும், அவ்வளவுதான்."

"காசு விழுந்தாலும் பரவால்லலா. ஆட்டத்துக்கு ஆட்டம்னா முடிவே இல்லாம போயிடும் பாருங்க."

மாமா காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்தான். பிறகு இன்னும் இரண்டு இடம் பார்த்தார்கள், அவையும் தட்டிப்போயின. அதற்கப்புறம் அம்மாவுக்கும் பார்க்கத் தெம்பில்லை, இவருக்கும் கேட்க வாயில்லை. அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே தங்கை சரசு செங்காங்கில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், அந்த இரும்புப் பெட்டியை வித்துத் தொலையேண்ணே என்பாள், சாப்பிட்டியா என்பாள், வைத்துவிடுவாள். நல்லவள்தான். தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதை அவள் சொல்லும்போது ஏதோ வேறு நாடு மாதிரி இருக்கும்.

இனி கதைக்கு வேண்டிய ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மிஷினில் அறுபதாயிரத்தைத் தாண்டினால் இலவச ஆட்டம் உண்டு. அதை அறிவிக்க மணி போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, பெட்டிக்குள் ஒரு இரும்புக் குச்சியை வைத்திருந்தார்கள். அது பாய்ந்து பலகையில் ஒரே ஒரு அடி அடிக்கும். டொக். கேட்டுப் பழகாதவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று எழுந்து நிற்பார்கள். கால்கள் வழியாக இறங்கித் தரைக்கே கேட்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு விளையாடிக்கொண்டிருந்தார். அறுபதாயிரம் தாண்டியது. டொக் என்றது மிஷின். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் காலுக்குக் கீழே, தரைக்கு அடியிலிருந்து, இரண்டு தட்டு வந்தது. டொக், டொக்.

அடுக்குமாடி புளோக் வீட்டில் வாழும் எவரும் இதைக் கேட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு டிவியைக் குறைப்பார்கள். கீழ்வீட்டுக்காரன் கூரையில் தட்டினால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கோவிந்தராசுவுக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துப்போனது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார். குண்டு பாட்டுக்குக் குழிக்குள் போனது.

அதற்குக் காரணம் அவருடைய வேலை. முப்பத்தொன்பது வருடம் அவர் செய்தது ஏறக்குறைய ஒரே வேலைதான். கப்பலின் எண்ணெய் டேங்குகளுக்குள் ஆட்கள் இறங்கித் துரு சுரண்டுவார்கள், வெல்டிங் அடிப்பார்கள். ஆள் இறங்குகிற ஓட்டைக்குப் பக்கத்தில், மேலே, இவர் காவல் உட்கார்ந்திருப்பார். உள்ளே காற்று கெட்டுப்போனால் உள்ளே இருப்பவனுக்கே தெரியாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்குமாம், அவ்வளவுதான். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்பேனரால் இரும்பில் ஒரு தட்டு தட்டுவார். இருக்கியா என்று அர்த்தம். உள்ளிருந்து இரண்டு தட்டு வரவேண்டும். இருக்கேன் என்று அர்த்தம். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, அந்த யார்டில் பழைய ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். பின்னால் வாக்கி டாக்கி வந்தது, காற்றை அளக்கும் கருவி வந்தது. அவர்கள் தட்டுவதை விடவில்லை. பதில் வராவிட்டால் இன்னொரு தட்டு. அதற்கும் வராவிட்டால் மூன்றாவது தட்டு கிடையாது, விசிலை ஊத வேண்டும்.

அதில் ஒரே ஒரு முறை அவர் தவறியிருக்கிறார். சின்னத்தம்பி என்று ஒரு வெல்டர், பயங்கரக் குறும்பு. வேண்டுமென்றே பதிலைத் தாமதித்து, ஓட்டையில் இவர் தலையை நீட்டும்போது கீழிருந்து சிரிப்பான். தொண்ணூற்று நாலில் ஒரு நாள் இரண்டு தட்டுக்கும் பதில் இல்லை. இவர் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். தூக்கி மேலே கொண்டுவந்தபோது உயிர் இருந்தது, ஆனால் பிற்பாடு தன் மகள் பெயரைக்கூடச் சின்னத்தம்பி யோசித்துத்தான் சொன்னான். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நிமிடமும் தான் சிரித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் கோவிந்தராசுவுக்கு இன்றும் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட மனிதனின் காலுக்கடியில் இரண்டு தட்டு கேட்டால் என்ன ஆகும்? இருக்கேன் என்று ஒரு குரல் சொன்ன மாதிரி ஆகும். அவருக்கு அப்படித்தான் ஆனது.

மறுநாளும் ஐந்து மணிக்கு ஆடினார். டொக் என்றது, இரண்டு தட்டு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அதன்பிறகு அவருடைய நாள் முழுவதும் ஐந்து மணியை நோக்கிச் சாய்ந்துவிட்டது. காலையில் நடை, காப்பிக்கடையில் பால் இல்லாத ஒரு கோப்பி-ஓ, மார்க்கெட், சமையல், ஒரு குட்டித் தூக்கம். நாலரைக்கு முகம் கழுவி, டீ போட்டுக் குடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு மிஷின் முன்னால் போய் நிற்பார். வீட்டுக்குள் சட்டை எதற்கு என்று கேட்காதீர்கள். ஒருவரைப் பார்க்கப் போகும்போது வெறும் உடம்போடு போவதா?

அதில் அவருக்கு ஒரு நேர்மையும் இருந்தது. காலால் தரையில் ஒரு மிதி மிதித்தாலும் தட்டுதான். அப்படிச் செய்யமாட்டார். ஆடி, அறுபதாயிரத்தைத் தாண்டி, மிஷின் தானாக அடித்தால்தான் கேள்வி. சில நாள் மூன்று ஆட்டத்தில் கிடைக்கும், சில நாள் ஒரு மணி நேரம் போராட வேண்டியிருக்கும். கிடைக்காத நாளில் இரவுச் சாப்பாடு ருசிக்காது. ஆக, அறுபத்தாறு வயதில் அவர் கைக்கு இளவயதில் இல்லாத வேகம் வந்தது.

கீழ்வீட்டில் யார் என்று பார்த்துவிட்டு வர ஒரு மாடிப்படி இறங்கினால் போதும். அவர் இறங்கவில்லை. மேலே இருப்பவனும் டேங்குக்குள் இருப்பவனும் வேலை நேரத்தில் முகம் பார்த்துக்கொள்வதில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். நிஜம் என்னவென்றால் கூச்சம், கொஞ்சம் பயம். சமையலறை ஜன்னல் வழியாகக் குனிந்தால் கீழ்வீட்டு மூங்கில் கம்பில் காயும் துணி தெரியும். ஒரு கட்டம் போட்ட கைலி காய்ந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கூடச் சட்டையும் காய்ந்தது. கைலியை எடுத்துக்கொண்டு சட்டையை விட்டுவிட்டார். தன் வயதில், தன்னைப் போலவே தனியாக, ஒரு முஸ்லிம் பெரியவர் இருக்கிறார் என்று முடிவு கட்டினார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், மனசுக்குள் அவருக்குக் கீழ்வீட்டு நானா என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

அந்த முதல் வருடத் தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவுக்குப் போய் முறுக்கு வாங்கியவர் இரண்டு பொட்டலமாக வாங்கினார். கடைக்காரப் பெண் வீட்டில் விருந்தாளியா என்று கேட்டாள். இவர் ஆமாம் என்றார். அப்படிச் சொன்னது அவருக்கே பிடித்திருந்தது. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு, இடித்துக்கொண்டு நடக்கிற கூட்டம், ஊர்க்காரப் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்து வீட்டுக்குக் கடைத்தெருவைக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் அந்தக் கூட்டத்தில் தான் மட்டும் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றும். அந்த வருடம் தோன்றவில்லை. ஒரு பொட்டலத்தில் 'மேல்வீட்டிலிருந்து' என்று எழுதி, விடிகாலையில் ஒன்பதாவது மாடிக் கதவுக் கம்பியில் மாட்டிவிட்டு ஓடி வந்துவிட்டார். நோன்புப் பெருநாளன்று இவர் கதவில் ஒரு டப்பா பிரியாணி தொங்கியது. 'கீழ்வீட்டிலிருந்து' என்று ஒரு சீட்டு. அதை இரண்டு வேளைக்கு வைத்துச் சாப்பிட்டார். சீட்டை எடுத்து மிஷினின் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தார்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. இந்த ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மிஷின் டொக் என்றது, பதில் வரவில்லை.

வெளியே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் டீ கோப்பையைக் கழுவும்போது தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் காதைக் கொடுத்தார். புதன்கிழமை இரண்டாவது ஆட்டத்திலேயே அடித்தது. பதில் இல்லை. ஒன்று, இரண்டு. யார்டாக இருந்தால் இந்நேரம் விசில் ஊதியிருக்க வேண்டும். இது வீடு, இங்கே கணக்கு வேறு என்று சமாதானம் செய்துகொண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை. நானா குளியலறையில் வழுக்கி விழுந்து கிடக்கிறார். கையெட்டும் தூரத்தில் போன் இல்லை. இப்படியே ஓடியது மனசு.

வியாழக்கிழமை பொத்தானை அழுத்துவதற்குள் குண்டு போய்விட்டது. ஆட்டத்துக்கு மேல் ஆட்டம், நாற்பதாயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. ஐந்தே முக்காலுக்கு, மூன்று வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். மிஷினின் பின்பலகையைத் திறந்து, உள்ளே கையை விட்டு, அந்த இரும்புக் குச்சியை விரலால் தள்ளி அடித்தார். டொக். காத்திருந்தார். இன்னொரு முறை அடித்தார். பிறகு தரையில் மண்டியிட்டு டைல்ஸில் காதை வைத்துக் கேட்டார். ஒரு மின்விசிறியின் சத்தம்கூட இல்லை.

படி இறங்கி ஓடினார். கதவைத் தட்டினார், மணியை அழுத்தினார், நானா நானா என்று கூப்பிட்டார். எதிர்வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கோவிந்தராசு போலீசுக்குப் போன் செய்தார்.

இருபது நிமிடத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சட்டையில் ஞானசேகரன் என்று இருந்தது. முப்பது வயதிருக்கும். தமிழில் பேசினார்.

"நீங்கதான் கூப்பிட்டீங்களா அங்கிள்? உள்ள யாரு இருக்கா?"

"வயசானவருங்க. முஸ்லிம். தனியா இருக்காரு. மூணு நாளா பதில் இல்ல."

"பேரு?"

"தெரியாதுங்க."

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"பாத்ததில்ல."

ஞானசேகரன் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப தனியா இருக்காருன்னு எப்படி தெரியும்?"

"தினமும் தட்டுவாருங்க."

ஞானசேகரன் தன் கூட்டாளியை ஒரு பார்வை பார்த்தார். கேலியாகப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தள்ளிப் போய் யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் ஒரு நம்பர் கிடைத்து, ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பேசினார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல அங்கிள். மக்காவுக்கு உம்ரா போயிருக்காங்க, ஸ்கூல் ஹாலிடேல்ல. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"எல்லாரும்னா?"

"ஃபேமிலி அங்கிள். ஹஸ்பண்ட், ஒய்ஃப், ரெண்டு பிள்ளைங்க."

"பெரியவரு?"

"வயசானவங்க யாரும் அந்த வீட்ல இல்ல அங்கிள்."

பிறகு அவர், தண்ணீர் குடிக்கிற சாக்கில், கோவிந்தராசுவோடு மேலே வந்தார். ஹாலைப் பார்த்தார். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா, மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சரசுவின் நம்பரைக் குறித்துக்கொண்டார். கீழ்வீட்டு ஆளைப் பார்க்க வந்தவர்கள் இவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி சரசு போன் செய்து அழுதாள். உனக்கு என்னண்ணே ஆச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று இவரும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நானா என்று ஒருவர் இல்லை. ஆனால் தட்டியது பொய்யில்லையே. பெரியவராக இல்லாவிட்டால் என்ன, அந்த நாலு பேரில் ஒருவர் மூன்று வருடமாகத் தனக்குப் பதில் சொல்லியிருக்கிறார். கணவராக இருக்கலாம். பிள்ளையாகக்கூட இருக்கலாம். வரட்டும், இந்த முறை கீழே போய்ப் பேசிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் வருகிறவரை மிஷினைத் தொடவில்லை.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை காலை, அவர்களே வந்துவிட்டார்கள். வாசலில் ஒரு பெண். நாற்பத்திரண்டு நாற்பத்துமூன்று வயது, தலையில் முக்காடு, கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டியும் சின்னப் போத்தலில் புனிதமான ஜம்ஜம் தண்ணீரும்.

"அஸ்... வணக்கம் அங்கிள். நான் கீழ்வீடு. நூருன்னிசா. மக்காவுல இருந்து வந்தோம், எல்லா வீட்டுக்கும் குடுக்கிறோம்."

கோவிந்தராசு பரபரத்துப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. மிஷினையே பார்த்தாள்.

"இதுதானா அங்கிள் அது!" என்று சிரித்துவிட்டாள். "எங்க வீட்ல பந்தயமே கட்டியாச்சு. என் ஹஸ்பண்ட் தையல் மிஷின்னாங்க. என் மக அஃப்னா நீங்க டிரம்ஸ் வாசிக்கிறீங்கன்னா. விளையாடறதா இது?"

"விளையாடறதுதாம்மா."

அவள் கண்ணாடிமேல் கையை வைத்துப் பார்த்தாள். ஓரத்தில் செருகியிருந்த சீட்டில் தன் கையெழுத்தைக் கண்டு கையை எடுத்துக்கொண்டாள்.

"அங்கிள், கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. போலீசை ஏன் கூப்பிட்டீங்க? மதீனாவுல இருந்தோம். போலீஸ்னதும் வீடு எரிஞ்சிருச்சோன்னு பயந்துட்டோம்."

"பதில் வரலம்மா. அதான்."

"என்ன பதில்?"

"சாயங்காலம் நான் ஒண்ணு தட்டுனா நீங்க ரெண்டு தட்டுவீங்கல்ல. அது மூணு நாளா வரல. உள்ள ஆளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு..." அவர் யார்டுக் கதையைச் சொன்னார். ஸ்பேனர், டேங்கு, ஒரு தட்டு, இரண்டு தட்டு. இவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது, கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. அதை அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

"உங்க வீட்ல யாரும்மா தட்டறது?"

நூருன்னிசா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான்தான் அங்கிள்."

"நீங்களா!"

"நான் நர்ஸ் அங்கிள். நைட் ஷிப்ட். காலைல வந்து சமையல், கடை, பெரியவருன்னு யாரும் இல்ல வீட்ல, எல்லாம் நான்தான் பாக்கணும். பிள்ளைங்க ஸ்கூல்ல இருந்து வந்து சாப்பிட்டப்பறம் மூணு மணிக்குப் படுப்பேன். ஆறரைக்கு எழுந்திருக்கணும். லீவு நாள்லயும் உடம்பு அதே நேரத்துக்குத்தான் படுக்கும். எனக்குன்னு ஒழுங்கா தூக்கம் அவ்வளவுதான்." சொல்லத் தயங்கினாள். பிறகு, ஊசி போடுகிறவர்கள் சட்டென்று போட்டுவிடுவது போலச் சொல்லிவிட்டாள். "அந்த மணி, கடகடன்னு ஓடறது, அதெல்லாம் பழகிருச்சு. அந்த டொக்னு ஒண்ணு வரும் பாருங்க, அது மட்டும் நெஞ்சுல வந்து விழும். கட்டில் பக்கத்துலயே மாப் கம்பை வச்சிருக்கேன். கண்ணைத் தொறக்காமலே ரெண்டு இடி இடிச்சிட்டு மறுபடி தூங்கப் பாப்பேன்."

"கோவத்துலயா?"

"பின்ன வேற எதுக்கு அங்கிள்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை மேல வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"வரத்தான் இருந்தேன். அந்த வாரம் பாத்து முறுக்கு மாட்டி வச்சிட்டீங்க. பிள்ளைங்க ஒரே நாள்ல தின்னு தீத்துட்டாங்க. முறுக்கை வாங்கித் தின்னுட்டு எப்படி வந்து சண்டை போடறது? டவுன் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம்னாங்க என் ஹஸ்பண்ட். முறுக்கு குடுத்த வீட்டு மேல எழுதறதான்னு நான்தான் விட்டுட்டேன்."

கோவிந்தராசுவுக்கு முதலில் வந்தது வெட்கம். மூன்று வருடம், நாள் தவறாமல், சட்டை மாட்டிக்கொண்டு போய் ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார். யார்டில் தூங்குகிறவர்களை எழுப்பிக் காப்பாற்றியவர், வீட்டுக்கு வந்து தூங்க வேண்டியவளை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். ஐயோ அங்கிள் என்று அவள் எழுந்துவிட்டாள். வெட்கத்துக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அதை அடக்க முடியவில்லை, வாய்விட்டே வந்துவிட்டது.

"கோவத்துல தட்டினாலும், தினமும் தட்டினீங்களேம்மா."

நூருன்னிசா ஆஸ்பத்திரியில் இருபது வருடம் இருந்தவள்தான், தனியாகக் கிடக்கிறவர்களை நிறையப் பார்த்தவள்தான். அவளுக்கும் இது புதிது. போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இனிமே ஏழு மணிக்கு மேலதாம்மா மிஷினைப் போடுவேன்" என்றார் அவர். "சத்தியமா."

"ரொம்ப நன்றி அங்கிள். ஏழு மணிக்கு மேல எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஆடுங்க. எங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

அன்று ஏழு மணி வரை காத்திருந்து போட்டார். கை நன்றாக ஓடியது. நாலாவது குண்டிலேயே அறுபதாயிரம் தாண்டி, டொக் என்றது. கீழே டிவி பாடியது, பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள், தட்டுகளை அடுக்குகிற ஓசை கேட்டது. அந்த ஓசைகளுக்கு நடுவே அவர் காத்திருந்தார். அவள் தூங்கவில்லை, அதனால் யாருக்கும் கோபமில்லை, அதனால் யாரும் தட்டவில்லை. ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டு அழுதார். மூன்று வருடத்தில் முதன்முறையாக இலவச ஆட்டத்தை ஆடாமலே மிஷினை அணைத்தார்.

மறுநாள் நாலரைக்குப் பழக்கதோஷத்தில் முகம் கழுவி, டீ குடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் நினைவு வந்தது. மணி ஐந்து. கீழே மூச்சுச் சத்தம்கூட இல்லை, அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். கை சுவிட்சின்மேல் இருந்தது. ஒரே ஒரு அடி போதும். ஆடவேண்டியதுகூட இல்லை, பின்பலகைக்குள் விரலை விட்டால் போதும். பதில் வரும். கண்ணைத் திறக்காமல், திட்டிக்கொண்டே, ஆனால் நிச்சயமாக வரும். இந்த ஊரில் அறுபது லட்சம் பேரில், அவர் ஒன்று தட்டினால் இரண்டு தட்டக்கூடிய ஒரே ஆள் பத்தடிக்குக் கீழே படுத்திருக்கிறாள்.

பிறகு சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை நகர்த்தினால் கீழே கேட்கும் என்று அதைத் தூக்கி எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தார். ஏழு மணி ஆக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.